மதிப்பெண்ணும் வினைப்பயனும்

நுழைவுத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு வினாத்தாளுக்கு ஒருவர் எப்படி விடையளித்தார் என்று சொல்வது முதல் வேலை. இருக்கிற இடங்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய உதவுவது இரண்டாவது. முன்னது அளவீடு, பின்னது பங்கீடு. ரேங்க் பட்டியல் வெளியானதும் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கூடவே மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொள்கிறது. கூடுதலாக எடுத்தவர் அந்த இடத்தைப் பெறத் தக்கவர், குறைவாக எடுத்தவர் அதற்குத் தக்கவரல்லர் என்பதே அந்தத் தீர்ப்பு. அதற்கு மதிப்பெண்ணில் ஆதாரம் இருக்கிறதா என்பது புள்ளியியலோடு முடிந்துபோகிற கேள்வியாகத் தெரியவில்லை. செயலுக்கும் அதன் பயனுக்கும் என்ன உறவு என்ற பழைய சமயக் கேள்வி அதற்குள் இருக்கிறது. தருமபுரம், திருவாவடுதுறை ஆகிய இரு சைவ ஆதீனங்களைத் தன் எல்லைக்குள் கொண்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் அந்தக் கேள்வி நூற்றாண்டுகளாகப் பாடம் சொல்லப்பட்டு வருகிறது.

முதலில் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று பார்க்கவேண்டும். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் 180 வினாக்கள், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். விடையளிக்காமல் விட்டால் எதுவுமில்லை. இந்தக் கணக்கின்படி சில எண்கள் வரவே முடியாது. எல்லாம் சரியானால் 720, ஒன்றை விட்டுவிட்டால் 716, ஒன்று தவறினால் 715. நடுவில் இருக்கும் 719, 718 இரண்டுக்கும் வழியே இல்லை. 2024 ஜூன் 4 அன்று வெளியான முடிவுகளில் அந்த எண்கள் தென்பட்டன. தேர்வு மையங்களில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் தரப்பட்டிருந்தது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. பிறகு அது திரும்பப் பெறப்பட்டு, அவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு நடந்தது.

அதே ஆண்டின் இயற்பியல் வினா ஒன்று இதைவிட ஆழமான சிக்கலைக் கொண்டுவந்தது. அணுவைப் பற்றிய இரு கூற்றுகள் கொடுக்கப்பட்டிருந்தன. என்சிஇஆர்டி பாடநூலின் புதிய பதிப்பைப் படித்தவருக்கு ஒரு விடை சரி, பழைய பதிப்பைப் படித்தவருக்கு வேறொன்று சரி. தேசியத் தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி ஐஐடியின் வல்லுநர் குழு ஆராய்ந்து, ஒரு விடைதான் சரி என்றது. மற்ற விடையைக் குறித்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். கிடைத்திருந்த 4 போயிற்று, தவறுக்கான 1 கழிந்தது. தொடக்கத்தில் 67 பேராக இருந்த முழு மதிப்பெண்காரர்கள் கடைசியில் 17 பேரானார்கள். யாருடைய அறிவும் இந்த இடைவெளியில் கூடவோ குறையவோ இல்லை. பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது காவிரி டெல்டாவின் எந்த அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் தெரியும்.

மதிப்பெண்ணோடு பெர்சன்டைலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ஏனெனில் குழப்பம் மிகுந்த இடம் அதுதான். பெர்சன்டைல் என்பது விழுக்காடு அன்று. தேர்வெழுதியவர்களில் எத்தனை பங்கினரை ஒருவர் தாண்டியிருக்கிறார் என்பதையே அது சொல்கிறது. நீட்டில் பொதுப்பிரிவினர் தேர்ச்சி பெற 50 பெர்சன்டைலும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 40 பெர்சன்டைலும் வேண்டும். இந்த விதி ஆண்டுதோறும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஈடான மதிப்பெண்தான் ஏறி இறங்குகிறது. பொதுப்பிரிவுக்கு 2022இல் 117, 2023இல் 137, 2024இல் திருத்தத்துக்குப் பின் 162, 2025இல் 144. 2023இல் 140 எடுத்துத் தேர்ச்சி பெற்றவர் அதே 140ஐ 2024இல் எடுத்திருந்தால் தோற்றவர். 2025இல் வினாத்தாள் கடினமாக இருந்தது, முதலிடம் பெற்றவரே 686தான் எடுத்தார். ஆகவே மதிப்பெண் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. உடன் எழுதியவர்கள் யார், வினாத்தாள் எப்படி இருந்தது என்ற இரண்டும் அதற்குள் கலந்தே இருக்கின்றன. ஜேஇஇ முதன்மைத் தேர்வு பல அமர்வுகளாக நடப்பதால், ஒவ்வோர் அமர்விலும் எழுதியவர்களை அவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டு, பெர்சன்டைலை ஏழு தசம இடங்கள் வரை கணக்கிடுகிறார்கள். ஏழு தசம இடங்கள் இருந்தால் அளவு துல்லியமானது என்று தோன்றுவது இயல்பு. அந்தத் துல்லியம் வரிசைப்படுத்தும் வேலைக்கு உரியது, அறிவை அளந்ததில் வந்ததன்று.

தற்செயலின் பங்கு எவ்வளவு என்பதை எளிய கணக்கில் காட்டிவிடலாம். இரண்டு மாணவர்களுக்கு 170 வினாக்களில் ஒரே அளவு தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 வினாக்களில் நான்கு விடைகளில் இரண்டை நீக்கிவிட முடிகிறது. மற்ற இரண்டுக்கு நடுவே இருவரும் ஊசலாடுகிறார்கள். துணிந்து குறித்தால் சராசரியாக 5 சரியாகும், 15 மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சராசரி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஏழோ அதற்கு மேலோ சரியாக அமைவது சுமார் ஆறில் ஒருவருக்கு. மூன்றோ அதற்குக் கீழோ அமைவதும் அதே அளவு பேருக்கு. ஏழு சரியானவர் 25 பெறுகிறார், மூன்று சரியானவர் 5 பெறுகிறார். ஒரே அறிவு, ஒரே உழைப்பு, 20 மதிப்பெண் வேறுபாடு. லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் 20 மதிப்பெண் என்பது ஆயிரக்கணக்கான ரேங்குகள்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. எட்ஜ்வர்த் என்ற பொருளியல், புள்ளியியல் அறிஞர் 1888இலும் 1890இலும் போட்டித் தேர்வுகளில் தற்செயலின் பங்கை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். ஒரே விடைத்தாளை வேறு ஒருவர் திருத்தினால், வேறு ஒரு நாளில் தேர்வு நடந்தால், வேறு வினாக்கள் கேட்கப்பட்டால் வெற்றி பெற்றோர் பட்டியலில் ஒரு பகுதி மாறிவிடும் என்பது அவர் கணக்கு. மேலே இருப்பவர்களுக்கும் அடியில் இருப்பவர்களுக்கும் இதனால் பாதிப்பில்லை. இடமுண்டு, இடமில்லை என்று கோடு கிழிக்கப்படும் நடுப்பகுதியில்தான் சிக்கல். கட்-ஆஃப் கோடு போடப்படுவதும் அங்கேதான், ஆட்கள் மிக நெருக்கமாக நிற்பதும் அங்கேதான்.

அளவீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வு மாறினால் அளக்கப்படும் பொருளும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் போடப்பட்டது. எம். அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2006இல் இயற்றப்பட்டு 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியது. அதன்பிறகு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கில் வந்தது, கட்-ஆஃப் 200க்கு. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் ஒன்றே வழி. அந்த ஆண்டு அரியலூர் மாவட்ட மாணவி ஒருவரின் மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75, நீட் மதிப்பெண் 720க்கு 86. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். செப்டம்பர் மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு எண்களும் பொய்யல்ல. மாநிலப் பாடநூலை எவ்வளவு தேர்ச்சியோடு கற்றார் என்று முதல் எண் சொன்னது. வேறு பாடத்திட்டத்தின் கொள்குறி வினாக்களை மூன்று மணி நேரத்தில் எதிர்கொள்ள அவருக்கு எவ்வளவு பயிற்சி கிடைத்திருந்தது என்று இரண்டாவது சொன்னது. இரண்டில் எது அவருடைய தகுதி என்று கேட்பவர், தகுதி என்பது தேர்வுக்கு முன்பே முழுமையாக உள்ளே இருந்தது, தேர்வு அதைப் படம் பிடித்துக் காட்டியது என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பே ஆராயப்பட வேண்டியது.

இங்கே அறக்கேள்வி தொடங்குகிறது. கடுமையாக உழைத்தவருக்கு அதன் பயன் சேரவேண்டும் என்பதில் பலருக்கும் ஒப்புதல் இருக்கும். ஆனால் உழைப்பு என்று சொல்லும்போதே உழைக்க வாய்த்த சூழலும் அதற்குள் வந்துவிடுகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியான நீதிக் கோட்பாடு பற்றிய நூலில், பிறவித் திறமையையோ பிறந்த வீட்டையோ யாரும் சம்பாதித்துப் பெறவில்லை என்று வாதிட்டார். முயன்று பார்க்கும் மனப்பாங்குகூட ஓரளவு வளர்ப்பிலிருந்து வருவதே என்றார். தமிழ் மரபில் இதே இழுபறி திருக்குறளில் தெரிகிறது. அறத்துப்பாலை முடித்துவைக்கும் ஊழ் அதிகாரமும், பொருட்பாலில் வரும் ஆள்வினையுடைமை அதிகாரமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதுபோல் தோன்றும். உரையாசிரியர்கள் சமாதானம் சொல்ல முயன்றிருக்கிறார்கள். வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் தூர வைத்தது, இரண்டையும் ஒரே கணக்கில் தீர்க்க அவர் விரும்பாததால்தான் என்று நினைக்க இடமுண்டு.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் ஒரு படி மேலே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும் வினையை மூன்றாகப் பிரிக்கின்றன. சேர்த்து வைத்திருப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். இவ்வளவும் பலருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத பகுதி அடுத்தது: வினை சடம். அதற்கு அறிவில்லை. செய்தவரைத் தேடிப்போய்ப் பயனை ஒப்படைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. வினை தானே பயன் தந்துவிடும் என்ற மீமாஞ்சகர் கொள்கையைச் சித்தாந்திகள் மறுக்கும் இடம் இதுதான். வினையையும் செய்தவரையும் பயனையும் அறிந்து கூட்டிவைக்க ஓர் அறிவுப்பொருள் வேண்டும், அது இறைவன் என்பது அவர்கள் முடிபு. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறையைச் சேர்ந்த சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் இந்த வாதங்களை நுட்பமாக விரித்துரைக்கிறது.

இறைவன் உண்டா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டாலும் இந்த வாதத்தின் கட்டமைப்பு தேர்வுக்குப் பொருந்துகிறது. மதிப்பெண்ணும் சடம். 612 என்ற எண் தானாக எழுந்து போய் மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. இந்த எண்ணுக்கு இந்த இடம் என்று யாரோ கூட்டிவைக்கிறார்கள். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நீதிமன்றமோ தேர்வு முகமையோ அதைச் செய்கிறது. டெல்டா விவசாயிக்கு இது பழகிய விஷயம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 18 காட்டினால், அது நெல்லின் ஈரத்தைச் சொல்கிறது. நெல்லை எடுத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்பதை 17 விழுக்காடு என்ற உத்தரவு சொல்கிறது. அடைமழை பெய்த ஆண்டுகளில் ஒன்றிய அரசு அந்த வரம்பை 19, 20 என்று தளர்த்தியிருக்கிறது. மானியும் அதே, நெல்லும் அதே, உத்தரவு மட்டும் வேறு. முதுநிலை மருத்துவத்திலும் இப்படி நடந்தது. 2023 செப்டம்பரில், நிரம்பாத இடங்களுக்காக நீட் முதுநிலைத் தேர்வின் தகுதி வரம்பு பூஜ்ய பெர்சன்டைலாகக் குறைக்கப்பட்டது. தேர்வெழுதிய அனைவரும் ஒரே உத்தரவில் தகுதி பெற்றார்கள். அதற்கு முந்தின நாள் வரை தகுதியின் காவலாகக் கருதப்பட்ட கோடு அது.

கூட்டிவைப்பவர் யார் என்பதில்தான் சித்தாந்தத்துக்கும் அரசாணைக்கும் உள்ள தூரம் தெரிகிறது. சித்தாந்தத்தின் இறைவன் எல்லாம் அறிந்தவர், உயிரின் மீது அருள் உடையவர், பயனை ஊட்டுவது உயிரைப் பக்குவப்படுத்தவே. தேர்வுக் குழுவுக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. அதனிடம் இருப்பது ஒரு விடைத்தாளின் நகல் மட்டுமே. எனவே தன் முடிவுக்குக் காரணம் சொல்லும் பொறுப்பு இறைவனைவிட அதற்கு அதிகம். மதிப்பெண்ணே பேசிவிட்டது, நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை என்று ஒதுங்குவது, வினையே பயன் தந்துவிடும் என்ற மீமாஞ்சக வாதத்தைத் திரும்பச் சொல்வதாகவே முடியும்.

வினைக் கோட்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தும் வழி ஒன்றும் இருக்கிறது. அதையும் இங்கே சொல்லியாகவேண்டும். வசதியில்லாத வீட்டில் பிறந்தது அவரவர் முன்வினை, அதனால் குறைந்த மதிப்பெண்ணும் நியாயமே என்று சிலர் வாதிடுவார்கள். கோட்பாட்டை அப்படியே ஏற்றாலும் இந்த முடிவு வராது. பிறருடைய சஞ்சிதக் கணக்கு எந்த மனிதருக்கும் தெரியாது. தெரியாத கணக்கை வைத்து ஒருவருக்கு இடத்தை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வைத்தீசுவரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்கிறவர்கள்கூட ஓலையைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். தேர்வுக் குழுவிடம் அந்த ஓலையும் இல்லை. அந்த ஊருக்கு அருகில்தான் திருப்புன்கூர். பிறப்பின் காரணமாகக் கோயிலுக்குள் நுழைய முடியாத நந்தனார் அங்கே வெளியில் நின்று சிவலோகநாதரைக் காண விரும்பியபோது குறுக்கே இருந்த நந்தி விலகியதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். இன்றும் அக்கோயிலில் நந்தி சற்று விலகியே இருக்கிறது. நந்தனாரின் பிறப்பு முன்வினைப் பயன் என்று இறைவன் சொல்லிவிடவில்லை. தடையை நகர்த்தினார். ஆனால் அதே புராணத்தில் தில்லையில் நடப்பது வேறு. அங்கே தடை நகரவில்லை, ஆள்தான் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. அனுமதியின் இந்த இரண்டு முறைகளும் ஒரே அடியாரின் கதையில் அடுத்தடுத்து வருவதை வாசகர்கள் பலரும் சங்கடத்தோடுதான் கவனித்திருக்கிறார்கள். ஓராண்டு, ஈராண்டு கோச்சிங் சென்டரில் கிடந்து மீண்டு வருபவர்களின் வழி இரண்டாவதற்கே நெருக்கமானது.

கூட்டிவைக்கும் முறை எவ்வளவு தூரம் ஒரு சமூகத்தைப் புரட்டிவிடும் என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும். 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் 400க்கு 250 எடுக்கவேண்டியிருந்தது. சிங்கள மொழி மூலம் எழுதியவர்களுக்கு 229 போதுமானதாக இருந்தது. மொழி மூலங்களுக்கு இடையே மதிப்பெண்ணைச் சமப்படுத்துவதாகச் சொன்ன தரப்படுத்தல் பின்னர் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ் மாணவர்கள் சிலர் பயனும் பெற்றார்கள். ஆனால் மொழியை வைத்து இனம் பிரித்து எண்ணைத் திருத்தினார்கள் என்ற காயம் ஆறவில்லை. அடுத்த பத்தாண்டுகளின் ஆயுதப் போராட்டத்துக்கான காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். 2001 முதல் இசட் மதிப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் மதிப்பெண் அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று அது கணக்கிடுகிறது. பாடங்களுக்கு இடையிலான கடினம் ஓரளவு சமப்படுகிறது. இடங்களில் 40 விழுக்காடு நாடு தழுவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கணக்கு நேர்த்தியானது என்பதும், கூட்டிவைப்பு நியாயமானது என்பதும் வேறு வேறு கேள்விகள். 1971இல் கேட்கப்பட்டது இரண்டாவது கேள்வி.

தமிழ்நாட்டில் 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இன்னொரு வகை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து நீட்டில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மாநில மருத்துவ இடங்களில் அந்தப் பங்கு ஒதுக்கப்பட்டது. நீதிபதி பொ. கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்திருந்தது. முந்தைய ஆண்டில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் ஒற்றை இலக்கத்தில் இருந்தார்கள். சட்டம் வந்த ஆண்டில் அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. இங்கே தேர்வு நீக்கப்படவில்லை, தேர்ச்சிக் கோடும் தளர்த்தப்படவில்லை. யாரை யாரோடு ஒப்பிடுவது என்பது மட்டும் மாற்றப்பட்டது.

மயிலாடுதுறையின் மிகப் பெரிய விழாவில் இதற்கு ஒத்த ஒரு கருத்து இருக்கிறது. ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலிய நதிகள் காவிரியில் வந்து கலக்கின்றன என்பது நம்பிக்கை. துலாக்கட்டத்தில் அந்த மாதம் நீராடுவது துலா ஸ்நானம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு, அன்று மாயூரநாதர் உட்பட ஊரின் கோயில்களிலிருந்து சுவாமி புறப்பாடாகித் தீர்த்தவாரி நடக்கும். அதோடு காலக்கெடு முடிந்தது. ஆனால் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு என்று இன்னொரு நாள் உண்டு. கால் நடக்க முடியாத அடியார் ஒருவர் ஐப்பசிக்குள் வந்துசேரப் புறப்பட்டார். ஊரை அடைந்தபோது மாதம் முடிந்திருந்தது. அவர் முறையிட, மறுநாள் மூழ்கினாலும் அதே பலன் என்று இறைவன் அருளினார் என்பது தலபுராணக் கதை. கதையில் கவனிக்கவேண்டியவை சில. கடைமுழுக்கு நாள் அப்படியே இருக்கிறது. முடவருக்கு மூழ்காமலே பலன் கொடுக்கப்படவில்லை, அவரும் ஆற்றில் இறங்கியாகவேண்டும். அவருடைய கால்கள் எப்படிப்பட்டவை என்பது கணக்கில் வந்தது. அடுத்து, அவருக்காக நீட்டிக்கப்பட்ட நாள் அவரோடு முடிந்துபோகவில்லை. இன்று முடவன் முழுக்கன்று காவிரியில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் நல்ல கால்களோடு தாமதமாக வந்தவர்களே. சலுகைகளின் எதிர்காலம் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி கொஞ்சம் சங்கடமானதுதான். ஆனாலும் அந்த நாளை நிறுத்தவேண்டும் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

கோட்டின் அருகில் நிற்பவர்களிடையே மதிப்பெண்ணால் பிரித்தறிய முடியாதபோது என்ன செய்வது? நடைமுறை இதற்கு மௌனமாக ஒரு விடை வைத்திருக்கிறது. 2020 நீட்டில் இருவர் 720 எடுத்தார்கள். அப்போதைய விதிப்படி வயதில் மூத்தவருக்கு முதலிடம் கிடைத்தது. முன்னால் பிறந்ததில் என்ன தகுதி என்று பலர் கேட்டார்கள்; வயது விதி பிறகு நீக்கப்பட்டது. இப்போது உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண்களையும் தவறான விடைகளின் விகிதத்தையும் பார்த்துவிட்டு, அப்படியும் சமமானால் குலுக்கல் முறையில் தீர்ப்பதாக விதி சொல்கிறது. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ரேண்டம் எண் கொடுக்கப்படுகிறது. கட்-ஆஃப், பாட மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் ஒன்றானால், பெரிய ரேண்டம் எண் உடையவர் முன்னால் போவார். ஆக, குலுக்கல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கடைசிப் படியில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அதை முன்படிக்குக் கொண்டுவரலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். மைக்கேல் சாண்டல் 2020இல் வெளியிட்ட நூலில், பெரிய பல்கலைக்கழகங்கள் படிக்கத் திறமுள்ளவர்களை முதலில் தெரிந்தெடுத்துவிட்டு, அவர்களுக்குள் குலுக்கிப் போடவேண்டும் என்றார். வென்றவரின் செருக்கும் தோற்றவரின் அவமானமும் அதனால் குறையும் என்பது அவர் வாதம். நெதர்லாந்து 1972 முதல் மருத்துவத்துக்கு எடையிட்ட குலுக்கலை நடத்தியது. பள்ளி மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும், ஆனால் பெரும்பாலோருக்கு உறுதி கிடையாது. 2017இல் அதைக் கைவிட்டு, 2023 முதல் மீண்டும் அனுமதித்தது. தமிழகத்தில் இதற்கு ஆயிரம் ஆண்டு முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. முதலில் தகுதி வரையறுக்கப்பட்டது: வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நீக்கப்பட்டார்கள். எஞ்சியவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது ஒரு பிராமண ஊரின் சபை. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை. குலுக்கலின் நியாயம் அதற்கு முந்திய தகுதி வரையறையின் நியாயத்தைத் தாண்ட முடியாது என்பதற்கு அதுவே சான்று.

குலுக்கலுக்கு எதிரான வாதமும் பலமானது. உழைத்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால், பணமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? நுழைவுத் தேர்வு வந்த காலத்தில் அதை வரவேற்றவர்களில் சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. எண்ணுக்கு முகம் பார்க்கத் தெரியாது என்பது அதன் குறை, நல்ல குணமும் அதுவே. கோட்டுக்கு மிக அருகில் மட்டும் குலுக்கலை வைத்து, மற்ற இடங்களில் மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இந்த வாதத்துக்குப் பெருமளவு விடையளிக்கிறது. கோயிலில் திருவுளச்சீட்டு எடுத்துப் பார்த்து முடிவை ஏற்கும் மக்களுக்கு அது அந்நியமாகவும் இருக்காது.

மாணவரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சித்தாந்தத்தின் இருவினையொப்பு என்ற கருத்து அடிக்கடி தவறாக எடுத்தாளப்படுகிறது. நல்வினையும் தீவினையும் எடை சமமாகிக் கழிந்துபோவது அன்று அது. இரண்டின் பயனையும் ஒரே மனநிலையில் ஏற்கும் பக்குவம். அது உயிர் முதிர்ச்சியின் மிக உயர்ந்த படி. அதன்பிறகே மலம் நீங்கும் பக்குவமான மலபரிபாகமும், இறையருள் பதிவதான சத்திநிபாதமும் சொல்லப்படுகின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் ரிசல்ட் அன்று அதை எதிர்பார்ப்பது பெரியவர்களின் வசதிக்குச் சொல்லும் பேச்சு. அவரிடம் சொல்லக்கூடியது கணக்கிலிருந்து வருவதே: வந்த எண்ணில் இத்தனை அவருடையது, இத்தனை வினாத்தாளுடையது, இத்தனை உத்தரவினுடையது.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம் என்ற ஆறுதலும் சொல்லப்படுகிறது. நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வயது உச்சவரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016–17இல் சுமார் 12 விழுக்காடாக இருந்தது, 2020–21இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. மறுமுறை எழுத ஓராண்டு சம்பாத்தியம் இல்லாமல் வீட்டில் இருக்கவேண்டும், கோச்சிங் கட்டணம் கட்டவேண்டும், வெளியூர் விடுதியில் தங்கவேண்டும். குறுவையும் சம்பாவும் பொய்த்த ஆண்டில் மயிலாடுதுறையின் கூலி வீட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு முதல் முயற்சியின் எண்ணே கடைசி எண்ணாகிவிடுகிறது; வசதி உள்ளவருக்கு அது மூன்றில் ஒன்று. பட்டியலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது எத்தனையாவது முயற்சி என்ற பத்தி அதில் இருப்பதில்லை.